கயிற்றுப் பங்கு

இராஜபாளையத்தில் வீடு கட்டுகிறவர்கள் கையைக் கடித்தால் மாடிப்படியைக் குறுக்குவார்கள், அடுப்படியைச் சுருக்குவார்கள். மேற்கே ஒரு ஜன்னல் மட்டும் வைக்காமல் விடமாட்டார்கள். மலை அந்தப் பக்கம்தான் இருக்கிறது. ஆனி ஆடியில் சாரலும், சித்திரைப் புழுக்கத்தில் சாயங்காலக் காற்றும் அந்த வழியாகத்தான் வீட்டுக்குள் நுழையும். பொன்னுராஜ் வீட்டில் மட்டும் மேற்குச் சுவர் மொட்டையாக நிற்கும். அது அவருடைய அப்பா தங்கச்சாமி கட்டிய வீடு. கொத்தனார் எவ்வளவோ மன்றாடிப் பார்த்தாராம். "மேக்க பாக்க எனக்கு ஒண்ணும் இல்லய்யா, சுவரை எழுப்பு" என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டார். அந்த ஒரு பேச்சுக்காக ஐம்பத்தைந்து வருசமாக அந்த வீட்டில் எல்லோரும் வேர்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

தங்கச்சாமி ஸ்பின்னிங் மில்லில் பேல் கட்டுகிறவர். நூல் மூட்டையை அழுத்திக் கயிறு போட்டு இறுக்குகிற வேலை. அவர் கட்டிய பேல் லாரியில் குலுங்கித் தூத்துக்குடி போய் இறங்கினாலும் கட்டு இளகியிருக்காது. இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியைப் பின்பக்கமாக எடுத்து, பெருவிரல் இருந்த இடத்துக்குள் சொருகி ஒரு முடிச்சுப் போடுவார். போட்ட முடிச்சை மூன்று தடவை சடக்கென்று வெட்டி இழுத்துப் பார்ப்பார். "தங்கச்சாமி, பேலைக் கட்டச் சொன்னா யானையையா கட்டுற?" என்று மேஸ்திரி கேலி பேசுவார். தங்கச்சாமி நாலாவது தடவையும் இழுத்துப் பார்ப்பார்.

சொந்த ஊர் எது என்று கேட்டால் "மேல" என்பார். மில்லில் ரீலிங் பிரிவில் வேலை பார்த்த ஒரு மம்சாபுரத்துப் பெண்ணைக் கட்டி, அவள் வழியாகச் சபையில் சேர்ந்தார். பாஸ்டர் கேட்டதற்கும் அதே பதில்தான். எல்லோரும் அங்கிருந்துதான் வந்தோம் என்று பாஸ்டரும் சிரித்து விட்டுவிட்டார். அந்த வீட்டுக்குள் தேன் வரக்கூடாது. பொன்னுராஜுக்கு ஐந்து வயதில் கக்குவான் இருமல் வந்தபோது பக்கத்து வீட்டு ராஜுக்கள் அம்மாள், "கொஞ்சம் தேனு நக்கிப் பாருரா நாயனா" என்று தெலுங்கு கலந்து கொஞ்சிக்கொண்டு ஒரு கிண்ணம் கொண்டுவந்தார். தங்கச்சாமி அதைக் கும்பிட்டு வாங்கி, அவர் போனதும் வாறுகால் சாக்கடையில் கொட்டினார். அன்றைக்கு அவர் கை நடுங்கியது பொன்னுராஜுக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

தங்கச்சாமி செத்துப் பதினாறு வருசம் ஆகிறது. ஆஸ்பத்திரியில் கடைசி நாள் மகனைக் குனியச் சொல்லிக் காதில் சொன்னார்.

"ஏலே பொன்னு, நான் மலையில பொறந்தவன்லே. மேல ஒரு உசுரக் கொன்னுட்டு ஓடியாந்தவன். செத்தவரு பேரு தவசிமுத்து. என் முடிச்சு அவுந்துருச்சுலே."

அதற்குமேல் பேச்சு வரவில்லை. பொன்னுராஜும் அதை யாரிடமும் சொல்லவில்லை. அதே மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வும் பெற்றாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சபையில் பத்துக் கட்டளை சொல்லும்போது 'கொலை செய்யாதிருப்பாயாக' என்ற ஆறாவது கட்டளை வரும் இடத்தில் அவர் வாய் மட்டும் மூடிக்கொள்ளும். பல் செட்டு இடிக்கிறது என்று அவர் மனைவி கிருபாபாய் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அவர்கள் மகள் இந்து கிராமச் சுகாதாரச் செவிலியர். வயது இருபத்தெட்டு. ஸ்கூட்டியின் பின்னால் தடுப்பூசிப் பெட்டியைக் கட்டிக்கொண்டு மம்சாபுரத்துக்கு மேற்கே தோப்பு தோப்பாகச் சுற்றுகிறவள். சித்திரை நடுவில் செண்பகத்தோப்புக்கு மேலே மலைவாசிகளான பளியர் குடியிருப்பில் காய்ச்சல் என்று போய்வந்தாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள் கைகால்கூடக் கழுவாமல் அடுப்படி வாசலில் உட்கார்ந்தாள்.

"யப்பா, இன்னைக்கு ஒரு கூத்து. ஊசி போட்டு முடிச்சு, பெட்டிய வண்டியில கட்டிக்கிட்டு இருக்கேன். கருத்தையான்னு ஒரு ஆளு, ஒங்க வயசுதான் இருக்கும், பக்கத்துல வந்து குத்தவச்சு என் கையவே பாக்காரு. நான் மூணு தடவ இழுத்துப் பாத்தேனா, அந்த ஆளு மூஞ்சி மாறிப் போச்சு."

"ஏன்?"

"'ஏத்தா நர்சு, இந்த முடிச்ச ஒனக்கு யாரு சொல்லித் தந்தா'ன்னு கேட்டாரு. எங்கப்பான்னேன். ஒங்கப்பனுக்கு யாருன்னாரு. எங்க தாத்தான்னேன். ஒங்க தாத்தன் பேரு தங்கச்சாமியான்னு கேக்காருப்பா! எனக்குப் புல்லரிச்சுப் போச்சு."

பொன்னுராஜ் சப்பட்டை மாங்காயைக் கீறிக்கொண்டிருந்தார். அரிவாள்மணையில் கை அப்படியே நின்றுவிட்டது.

"வேற என்ன சொன்னாரு?"

"ஒண்ணுஞ் சொல்லல. 'ஒங்கப்பனக் கூட்டிட்டு வா. எங்கம்மா சொல்லிவிட்டுப் போன காரியம் ஒண்ணு கெடக்கு'ன்னாரு. எம்புட்டுக் கேட்டும் வாயத் தெறக்கல. யப்பா, தாத்தா மலையாளுன்னு ஒங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

பொன்னுராஜ் எழுந்து போய் முற்றத்துக் குழாயில் முகத்தைக் கழுவினார். திரும்பி வந்து சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரியில் கேட்டதை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். குழம்பு கொதித்து அடியில் பிடித்துக்கொண்டிருந்தது, யாரும் அடுப்பை அணைக்கவில்லை.

அடுப்படியில் நின்ற கிருபாபாய்தான் முதலில் கேட்டாள்.

"பதினாறு வருசமாவா எங்கிட்ட மறைச்சு வச்சிருந்தீக?"

"எப்படிட்டி சொல்லுவேன்? கொலகாரன் மகனக் கட்டியிருக்கேன்னு நீ நெனைக்கவா?"

"மாமா எறும்ப மிதிக்க மாட்டாக. அவுக கொல்லுவாகளா?"

"அவரே சொன்னாருட்டி."

"அப்ப போயிச் சொல்லிட்டு வந்துருங்க. செத்தவுகளுக்குப் பெத்தவ இருந்திருப்பா, கட்டுனவ இருந்திருப்பா. அவிய ஏசுனாலும் அடிச்சாலும் வாங்கிக்கிட்டு வாங்க. இனிமேயாவது வேதத்த வாயத் தெறந்து சொல்லலாம்ல?" என்றாள். பல் செட்டு விவகாரம் அவளுக்கு அந்த நிமிசத்தில் விளங்கிவிட்டது.

"அவுக பழி வச்சிருந்தா?" என்று பொன்னுராஜ் கேட்டார்.

"யப்பா, அவியள எனக்குத் தெரியும். அடிக்கிற ஆளுக இல்ல" என்றாள் இந்து. ஆனால் அவள் குரலிலும் முன்பிருந்த குதூகலம் இல்லை.

காட்டிலாகாவில் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்க நாலு நாள் ஆனது. நாலு நாளும் பொன்னுராஜ் சரியாகச் சாப்பிடவில்லை. போகிற அன்று கிருபாபாய் புளிச்சாதம் கிண்டி, தேங்காய்த் துவையல் அரைத்து, ஒரு பை நிறையச் சப்பட்டை மாம்பழமும் வைத்துக் கொடுத்தாள். "மன்னிப்புக் கேக்கப் போறவன் மாம்பழத்தோடயா போவான்?" என்று அவர் எரிந்து விழுந்தார். "வெறுங்கையோட போறதுக்கு இது தேவல" என்று பையை இந்துவின் கையில் மாட்டிவிட்டாள்.

செண்பகத்தோப்பு வரைக்கும் ஸ்கூட்டி போனது. அதற்குமேல் நடை. ஐம்பத்தொன்பது வயதில் பொன்னுராஜ் முதன்முதலாக மலையில் கால் வைக்கிறார். பிறந்ததிலிருந்து கண்ணெதிரே நின்ற மலை. ஓடை வற்றி, உருண்டைக் கல்லெல்லாம் வெள்ளை வெளேரென்று கிடந்தது. நெல்லி மரக்கிளையில் நரை அணில் ஒன்று வாலைத் தொங்கவிட்டு அவரையே பார்த்தது. அப்பா இந்த வழியாகத்தான் ஓடிவந்திருப்பார் என்று நினைத்ததும் அவருக்கு ஒவ்வொரு கல்லையும் மிதிக்கக் கூச்சமாக இருந்தது.

குடியிருப்பில் பத்துப் பன்னிரண்டு காரை வீடுகள். கருத்தையா வாசலில் நைலான் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார். வற்றிய உடம்பு, கெட்டியான கால். இந்துவைப் பார்த்துச் சிரித்தவர் பொன்னுராஜைப் பார்த்ததும் எழுந்து நின்றார். வீட்டுக்குள் வரச் சொன்னார். பொன்னுராஜ் வாசலைத் தாண்டவில்லை.

"உள்ள வர எனக்கு மொகம் இல்லங்க. ஒண்ணு சொல்லணும். அதச் சொல்லிட்டு இப்படியே நிக்கேன். நீங்க என்ன செஞ்சாலும் சரி."

"சொல்லும்."

"எங்கப்பா ஒங்க ஆளு ஒருத்தரக் கொன்னுட்டாரு. சாகும்போது சொன்னாரு. நான் பதினாறு வருசமா வந்து சொல்லாம இருந்துட்டேன். அதுவும் என் பேர்ல தப்பு."

கருத்தையா கயிற்றைக் கீழே வைத்தார்.

"யாரக் கொன்னாராம்?"

"தவசிமுத்துன்னு ஒருத்தர."

கருத்தையா அங்கேயே தரையில் குத்தவைத்து, இரண்டு கையாலும் முகத்தைத் தேய்த்துவிட்டுக்கொண்டார்.

"இதையா நெஞ்சுல வச்சிக்கிட்டு இருந்தாரு அந்த மனுசன்?" என்றார். "தவசிமுத்து எங்கப்பன்யா. ஒங்கப்பன் ஓடுன நாளு கழிஞ்சு ஏழு வருசம் பொறவுதான் நானே பொறந்தேன்."

பொன்னுராஜை இந்து பிடித்து உட்கார வைத்தாள். செவிலியர் அல்லவா, கை தானாக நாடியைத் தேடியது. கருத்தையாவின் மனைவி பாண்டிசெல்வி கட்டங்காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். அதில் பாதி பொன்னுராஜின் சட்டையில்தான் விழுந்தது.

கருத்தையா சொன்னது இதுதான். பெருந்தேன், அதாவது மலைத்தேன், எடுக்கப் பாறையில் ஒருத்தன் கயிற்றில் இறங்குவான். மேலே கயிறு பிடிக்கிறவன் மச்சானாகத்தான் இருக்க வேண்டும்.

"அண்ணந்தம்பி பிடிக்கக் கூடாது. பங்காளிக்கு மனசுல என்ன இருக்குன்னு யாரு கண்டா? மச்சான்னா கூடப்பொறந்தவ தாலி அவன் கையில இருக்கு. விடமாட்டான். எங்கம்மா ராக்காயி, ஒங்கப்பனுக்கு அக்கா. அதனால எங்கப்பனுக்கு ஒங்கப்பன் கயிறு. அன்னைக்குத்தான் மொத தடவ பிடிக்காரு. இருபது வயசு."

"முடிச்சு அவுந்துருச்சுன்னு சொன்னாரே?"

"அவுரலய்யா. எங்கப்பன் அவுத்தாரு. பாறைக்கு நடுவுல ஒரு பொடவு இருக்கு, ஆளு நொழையுற மாதிரி ஓட்டை. அடை அதுக்கு உள்ளாற தள்ளி இருக்கும். கயிறு எட்டாது. இடுப்புக் கயிற அவுத்துக் கால்ல மிதிச்சுக்கிட்டுத்தான் உள்ள குனியணும். அப்பக் கயிறு லேசாயிரும். லேசானா மேல இருக்கிறவன் கல்லாயிரணும். இழுக்கக் கூடாது. கூப்பிடக் கூடாது. அது பழக்கத்துல வாரது. ஒங்கப்பனுக்கும் சொல்லித்தான் இருக்காக. ஆனா அன்னைக்குக் காத்து மாறி, புகை திரும்பி, தேனீ பூராவும் கலைஞ்சிருச்சு. மேலயும் கொட்டுது, கீழயும் கொட்டுது. கயிறு லேசாச்சு. ஒங்கப்பன் பயந்து போயி இழுத்துட்டாரு."

"வெறுங்கயிறு வந்திருக்கும்" என்றார் பொன்னுராஜ்.

"வெறுங்கயிறுதான். முடிச்சு இல்லாத நுனி. பொறவு அவரு என்ன நெனைப்பாரு? எங்கப்பன் பொடவுக்குள்ள இருந்து, 'மச்சான், இருக்கேன் மச்சான்'னு தொண்ட கிழியக் கத்துனாராம். ஈ எரைச்சல்ல மேல கேக்கல. மறுநா ஆளு வந்து வேற கயிறு விட்டு எடுத்தாக. ஒரு கண்ணு அவிஞ்சதோட சரி, மத்தபடி எழுவது வயசு வரைக்கும் இருந்தாரு மனுசன்."

"தேடலையா எங்கப்பாவ?" என்று பொன்னுராஜ் கேட்டார்.

"தேடாம? திருவில்லிபுத்தூர்ச் சந்தைக்குத் தேன் கொண்டு போறப்பல்லாம் தங்கச்சாமி தங்கச்சாமின்னு கேட்டிருக்காரு. கீழ எத்தன தங்கச்சாமி! ஒருத்தன் பாத்திரக் கடக்காரன், ஒருத்தன் போலீசு. மில்லுக் கேட்டுக்குள்ள எங்க ஆளுகள யாரு விட்டா அந்தக் காலத்துல? எங்கம்மா எட்டு வருசத்துக்கு முன்னதான் செத்தா. எங்க காதுகுத்துக்கெல்லாம் தாய்மாமன் எடத்துல ஒரு கல்ல வச்சு அதுக்கு வேட்டி கட்டி உக்கார வச்சா. கல்லு மடியிலதான் நான் காது குத்துனேன்."

அவர் எழுந்து உள்ளே போய் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கொண்டுவந்து பொன்னுராஜ் முன்னால் வைத்தார். கழுத்து வரைக்கும் கருந்தேன். மூடிக்கு மேல் துணி சுற்றி, அதே முடிச்சு.

"தேன மூணாப் பிரிப்போம். எறங்குனவனுக்கு ஒண்ணு, பொகை போட்டவனுக்கு ஒண்ணு, கயிறுக்கு ஒண்ணு. கயித்துப் பங்குல பாதி ஒங்கப்பனுக்குன்னு எங்கம்மா எடுத்து வைப்பா. 'அவன் கயித்த விட்டுட்டு ஓடல, பயந்துதான் ஓடுனான். வருவான்'னு சொல்லுவா. மறுவருசம் புதுத் தேன் வந்ததும் பழச மலைக்கு ஊத்திட்டுப் புதுச ரொப்பி வைக்கணும். முந்தி மூங்கில் குழாய்ல வச்சோம், இப்ப இது. அவ போன பொறவும் நாங்க விடல. அறுவத்து நாலு வருசமா ஒரு வருசங்கூடத் தப்புனதில்ல. எடுத்துக்கிரும். இதுதான் எங்கம்மா சொல்லிவிட்ட காரியம்."

பொன்னுராஜ் அந்த பாட்டிலைத் தொடவில்லை. தொட அவருக்குப் பயமாக இருந்தது. வீட்டில் வாறுகாலில் தேனைக் கொட்டிய அந்த நடுங்கும் கையும், இங்கே வருசா வருசம் துணி சுற்றிக் கட்டிய இன்னொரு கையும் அக்காள் தம்பி கைகள். நடுவில் ஒரு பஸ் டிக்கெட் தூரம். இப்படியும் ஒரு பாசம் உலகத்தில் இருக்குமா என்று அவர் திகைத்துப்போய் உட்கார்ந்திருந்தார். இந்து முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

மாம்பழத்தை எல்லோரும் தின்றார்கள். புளிச்சாதம் பாண்டிசெல்விக்குப் பிடித்துப் போய், பொடி என்ன போட்டார்கள் என்று இந்துவிடம் கேட்டுக்கொண்டாள். கருத்தையா கொட்டையைச் சப்பி முடித்துக் கையை வேட்டியில் துடைத்தார்.

"இந்த வருசம் பாறையில மூணு அடை அப்படியே கெடக்கு. பாண்டிசெல்வி தம்பிதான் எனக்குக் கயிறு. போன ஐப்பசியில செத்துப் போனான். மச்சான் இல்லாம நான் எறங்கல. மருமகன் பாண்டி பொகை போடுவான், இழுக்கவும் கை கொடுப்பான். பிடிக்க அவனுக்கு மொற இல்ல." பொன்னுராஜ் பக்கம் திரும்பினார். "நீரு என் தாய்மாமன் மகன். எனக்கு ரத்த மச்சான். பிடிக்கீரா?"

"நானா?" பொன்னுராஜ் பதறிவிட்டார். "நான் மில்லுல ஸ்பேனர் பிடிச்சவன். வேண்டாங்க. எங்க குடும்பத்துக் கை ஒருக்கா விட்டது போதும்."

"அதுக்குத்தான்யா கூப்பிடுதேன்" என்றார் கருத்தையா.

பாறைக்குப் போகச் சுற்றுப்பாதையில் ஒன்றரை மணி நேரம் ஏற வேண்டியிருந்தது. பொன்னுராஜ் நாலு இடத்தில் உட்கார்ந்தார். "திரும்பிப் போயிருவோம்ப்பா" என்று இந்து இரண்டு தடவை சொன்னாள். அவர் ஏறிக்கொண்டே இருந்தார். உச்சியில் மரம் விலகியதும் காற்று முகத்தில் அறைந்தது.

காலடியில் பாறை சட்டென்று இறங்கிவிட்டது. பக்கத்தில் பிதுங்கி நின்ற ஒரு திட்டில் குப்புறப் படுத்துக்கொண்டுதான் எட்டிப் பார்க்க முடிந்தது. பத்துப் பனை உயரம் இருக்கும், கீழே மரங்களெல்லாம் கொத்தமல்லிக் கட்டு போலத் தெரிந்தன. பாறையின் வயிற்றில் அடைகள் தொங்கின. ஒவ்வொன்றும் ஒரு கதவு அகலம். ஈக்கள் அதன்மேல் ஒரே நேரத்தில் சிலிர்த்து அடங்கும்போது கதவே மூச்சு விடுவதாகத் தோன்றியது. அந்த இரைச்சல் காதுக்குள் கேட்கவில்லை, நெஞ்செலும்பில் கேட்டது. இதிலா எங்கப்பா நின்றார், இருபது வயதில், என்று பொன்னுராஜ் மறுபடி எட்டிப் பார்த்தார். மில்லில் குனிந்து பேல் கட்டிய, ரேசன் கடை வரிசையில் யாருக்கும் வழிவிட்டு நின்ற அந்த மனிதரைப் பற்றித் தனக்கு ஒன்றுமே தெரியாது என்று நினைத்துக்கொண்டார்.

"அங்க பாரும் ஒம்ம ஊர" என்றார் கருத்தையா.

கிழக்கே வெயிலில் தரை முழுக்க விரிந்து கிடந்தது. ஒரு பக்கம் திருவில்லிபுத்தூர்க் கோபுரம் தையல்காரர் விரலில் மாட்டும் குமிழ் அளவுக்கு நின்றது. தெற்கே தள்ளி இராஜபாளையம், மில் புகைபோக்கிகள்.

"ராஜபாளையத்துல இருந்து பாத்தா மலையில ஒரு வெள்ளக் கோடு தெரியுமே, மழ பேஞ்சா பளபளன்னு இருக்கும். அது இந்தப் பாறதான்."

பொன்னுராஜுக்கு அந்தக் கோட்டைத் தெரியும். பள்ளிக்கூட நாளிலிருந்து, தெரு முனையில் திரும்பும்போதெல்லாம் பார்த்த கோடு. அவர் வீட்டு மேற்குச் சுவரில் ஜன்னல் வைத்திருந்தால், படுக்கையிலிருந்து கண் விழித்தால் இந்தப் பாறைதான் தெரிந்திருக்கும். அவர் இந்துவைப் பார்த்தார். அவளும் அதையே நினைத்துக்கொண்டிருந்தாள்.

பாண்டி பச்சை இலையைக் கட்டிப் புகைமூட்டம் போட்டான். கயிற்றை வேங்கை மரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி வைத்திருந்தார்கள். பாரம் மரத்துக்கு, பிடி மச்சானுக்கு. மீதிக் கயிறு தரையில் சுருண்டு கிடந்தது. கருத்தையா இடுப்பைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"கட்டும் மச்சான்."

பொன்னுராஜ் கட்டினார். இரண்டு சுற்று, நுனி பின்பக்கம், பெருவிரல் இருந்த இடத்தில் சொருகல். மூன்று தடவை வெட்டி இழுத்தார். நாலாவது தடவையும் இழுத்தார். கருத்தையா சிரித்தார்.

"எங்கம்மாவும் நாலு தடவதான் இழுப்பா. கயித்துல ஒரு வெட்டுன்னா விடணும். ரெண்டு வெட்டுன்னா இழுக்கணும்."

"லேசாச்சுன்னா?"

"கல்லாயிரும்."

அவர் பாறை விளிம்பில் முதுகைத் திருப்பி, ஒரு காலைப் பின்னால் வைத்து, வாசற்படி இறங்குகிறவர் போல இறங்கிப் போனார். கயிறு பொன்னுராஜின் உள்ளங்கையில் ஊர்ந்தது. ஒரு வெட்டு, விட்டார். இன்னொரு வெட்டு, விட்டார். ஆள் எங்கே இருக்கிறார் என்று அவருக்குத் தெரியாது. கயிற்றின் பாரம் ஒன்றுதான் தெரியும். அது உயிருள்ள பாரம், மூச்சு விடுவது கூடக் கையில் தெரிந்தது.

பிறகு பாரம் போய்விட்டது.

தெரிந்த விசயம்தான். இப்படி ஆகும் என்று மூன்று மணி நேரம் முன்னால்தான் உட்கார வைத்துச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் கைக்கு அது தெரியவில்லை. செத்த பாம்பு போலக் கயிறு தொங்கியது. கீழே இரைச்சல் திடீரென்று பெரிதானது, புகையைக் கிழித்துக்கொண்டு நாலைந்து ஈக்கள் மேலே வந்தன. ஒன்று பொன்னுராஜின் புருவத்தில் கொட்டியது. இன்னொன்று கழுத்தில்.

"யப்பா!" இந்து எழுந்தாள்.

"கிட்ட வராத."

"எட்டிப் பாக்கட்டுமா? அந்தத் திட்டுல இருந்து..."

"பேசாத. உக்காரு."

இழு, இழு என்று அவருடைய இரண்டு கையும் கெஞ்சின. ஒரே ஒரு சாண் இழுத்துப் பார்த்தால் போதும், நுனியில் ஆள் இருக்கிறாரா இல்லையா தெரிந்துவிடும். அந்த ஒரு சாண் ஆசைதான் அப்பாவை மலையிலிருந்து உருட்டியது என்று இப்போது விளங்கியது. அறிவால் அல்ல, தோள்பட்டையால் விளங்கியது. கண்ணீரும் வேர்வையும் ஒன்றாக வடிந்து உதட்டில் கரித்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு ஆறாவது கட்டளையை வாய்க்குள் சொன்னார். பல வருசத்துக்குப் பிறகு சொல்லுகிறார். சொல்லி முடித்து மறுபடி முதலிலிருந்து சொன்னார். கயிறு லேசாகவே இருந்தது. பாண்டி இலையை விசிறிக்கொண்டே ஒரு கண்ணால் இவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். இந்து சேலையைப் போர்த்திக்கொண்டு ஒரு கல்லில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தையே பார்த்தாள். காய்ச்சல்காரர்களுக்கு நாடி எண்ணிய பழக்கம்.

இரண்டு வெட்டு வந்தது.

முதலில் அவர் நம்பவில்லை. மறுபடி இரண்டு வெட்டு. பாரம் ஏறியது. "இழும் மச்சான்" என்று பாண்டிதான் கத்தினான், மாமனாருக்கு மச்சான் தனக்கு யார் என்ற முறையெல்லாம் அந்த நேரத்தில் மறந்துவிட்டது அவனுக்கு. இரண்டு பேரும் இழுத்தார்கள். தகர டின்னை முதுகில் மாட்டிக்கொண்டு கருத்தையாவின் தலை விளிம்பில் வந்தது. ஒரு பக்கக் கன்னம் வீங்கி, தாடையெல்லாம் தேன் வழிந்து, அந்த மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"என்ன மச்சான், கல்லாயிட்டீரா?"

பொன்னுராஜால் கயிற்றை விட முடியவில்லை. விரல்கள் அப்படியே இறுகிப் போயிருந்தன. இந்து வந்து ஒவ்வொரு விரலாகப் பிரித்து விட்டாள். கருத்தையா டின்னுக்குள் கைவிட்டு அடையில் ஒரு துண்டைப் பிய்த்து அவர் வாயில் வைத்தார். சூடாக இருந்தது. பூவும் புகையும் லேசான கசப்பும் கலந்த அந்தத் தித்திப்பை ஐம்பத்தொன்பது வயதில் முதல் தடவையாக அவர் விழுங்கினார்.

"எம்புட்டு நேரம்ட்டி லேசா இருந்துச்சு?" என்று மகளைக் கேட்டார்.

இந்து மறுபடி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டாள்.

"பதினோரு நிமிசம்ப்பா."

"அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தான்."

பொன்னுராஜ் எழுந்து பாறை விளிம்புக்குப் போனார். கீழே வெயிலில் இராஜபாளையம் தெரிந்தது. ஜன்னல் இல்லாத தன் வீட்டுச் சுவர் இருக்கும் திசையைக் குத்துமதிப்பாகப் பார்த்து, இரண்டு கையையும் வாயருகே குவித்து, அறுபத்து நாலு வருசத்துக்கு முன்னால் கேட்காமல் போன அந்தக் கூப்பாட்டை அவர் பெருங்குரலில் கூவினார்.

"இருக்காருப்பா! மச்சான் இருக்காருப்பா!"